பாஸ் கொடுத்தால் கோபித்துக்கொள்ளும் கூடைப்பந்து

அண்ணன் பையனின் பிறந்தநாளுக்கு என்று சொல்லித்தான் அந்தக் கூடைப்பந்து வீடியோ கேமை வாங்கினேன். எனக்காக வாங்கியது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மும்பை லாமிங்டன் ரோட்டில் பழைய கேம் டிஸ்க் விற்கும் ஒரு கடை. (அந்தச் சாலைக்குப் பெயர் மாற்றி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. டாக்ஸிக்காரர்கூடப் புதுப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.) கடைக்காரர் 1,200 சொன்னார், 900 ரூபாய்க்கு முடிந்தது. புதிதாக வந்தபோது நாலாயிரத்துக்கு மேல் விற்ற சரக்கு. ஹார்பர் லைன் ரயிலில் ஜன்னல் ஓரமும் கிடைத்துவிட, அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமாக செம்பூரில் இறங்கியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கேமின் பெயரை எழுதப்போவதில்லை. என்பிஏ (அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணிகளும் நிஜ வீரர்களும் இருப்பார்கள், வருடா வருடம் அட்டையில் எண்ணும் ஆளும் மாறும். இவ்வளவு சொன்னாலே விளையாடுகிறவர்களுக்குப் புரியும். கடையில் போய்க் கூடைப்பந்து என்று கேட்டாலும் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். என்னிடம் இருப்பது பிஎஸ்5-க்கான (ப்ளேஸ்டேஷன் 5) பழைய பதிப்பு.

என்னைப் பற்றி நாலு வரி சொன்னால்தான் கீழே வரும் புலம்பல் விளங்கும். வளர்ந்தது மாட்டுங்காவில். இந்தியன் ஜிம்கானா கோர்ட்டின் வேலியோரம் நின்று பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்துத்தான் கூடைப்பந்து கற்றேன். பிறகு ஸ்கூல் டீம், காலேஜ் டீம். நாக்பாடாவில் மேட்ச் என்றால் முதல் நாள் ராத்திரி தூக்கம் வராது. அங்கே சின்னப் பிள்ளைகளுக்கே நம்மைவிட நன்றாக ஆடத் தெரியும். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அந்த உயரத்துக்குக் கூடைப்பந்தில் ஒரே வேலைதான்: பந்தைக் கொண்டுபோ, யாருக்காவது கொடு. பாயிண்ட் கார்ட். எட்டு வருடம் அந்த வேலையைத்தான் பார்த்தேன். இப்போது வயது 39, இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து பழைய கதையாகிவிட்டது. ஆகவே கட்டை விரலால் ஆடுகிறேன்.

முதலில் நல்லது. டிவியில் போட்டவுடன் அம்மா உள்ளேயிருந்து வந்து, "இது எந்த நாட்டு மேட்ச்?" என்றாள். அவ்வளவு நிஜம். வியர்வை, ஷூ தரையில் தேயும் சத்தம், ஃபவுல் விசில் ஊதியதும் கையை விரித்து நடுவரிடம் ஓடுகிறவர்கள் எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்தது அதுவல்ல. ஒவ்வொருவரும் அவரவர் உடம்போடு ஆடுகிறார்கள் என்பதுதான். ஸ்டெஃபன் கரி பந்தை எறியும் வேகத்துக்கு விரலைப் பழக்கிவிட்டு, அதே விரலோடு வேறொரு வீரரை எடுத்தால் எல்லாப் பந்தும் வளையத்தில் மோதித் திரும்பும். பட்டனை எப்போது விடவேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. பழைய அணிகளில் ஷாக் (ஷாக்கில் ஓ'நீல்) இருக்கிறார். இருபது வருடத்துக்கு நெருக்கமான என்பிஏ வாழ்க்கையில் அவர் ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்குப் பிறகு கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் எறிவது) போட்டது 52.7 சதவீதம்தான். கேமிலும் அவரைக் கோட்டில் நிறுத்தினால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. மலை மாதிரி ஆள், பதினைந்தடி தூரம், முன்னால் யாரும் இல்லை, ஆனாலும் போட முடியவில்லை. இதை எழுதிவைத்தவருக்கு ஆட்டம் தெரிந்திருக்கிறது.

தடுப்பாட்டம் இதைவிட நன்றாக இருக்கிறது. எதிரணிக்காரன் ஸ்க்ரீன் வைத்தால் (பந்துக்காரனைத் தடுப்பவரின் வழியில் குறுக்கே நின்றால்) நம் உயரமான ஆள் பின்வாங்கி வளையத்தைக் காக்கவேண்டுமா, முன்னேறிப் பந்துக்காரனை மறிக்கவேண்டுமா, இல்லை இருவரும் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று மெனுவில் தனித்தனியாகச் சொல்லிவைக்கலாம். எங்கள் கோச் சார் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தி எங்கள் மண்டையில் ஏற்ற முயன்றது இதைத்தான். அவர் மூன்று வருடத்தில் செய்ததை நான் சோபாவில் உட்கார்ந்து இரண்டு நாளில் செய்தேன். எதிரணியின் நல்ல ஷூட்டருக்கு எதிராகப் பின்வாங்கச் சொல்லிவிட்டு அடுத்தடுத்து நாலு த்ரீ பாயிண்டர் (தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி) வாங்கிக் கட்டிக்கொண்டபோது, சார் டிவிக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொள்வது போலவே இருந்தது.

சரி, இப்போது என் வேலைக்கு வருகிறேன். பாஸ்.

நிஜ கோர்ட்டில் பந்தை ஆள் நிற்கும் இடத்துக்கு எறியக்கூடாது, வரப்போகும் இடத்துக்கு எறியவேண்டும். எங்கள் டீமில் தாராவியிலிருந்து வரும் நெட்டைப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் ஓடப்போகிறாள் என்பதை அவள் புருவத்திலேயே பார்த்துவிடுவேன். பந்து என் கையை விடும்போது அவள் கிளம்பியிருக்கவே மாட்டாள். போய்ச் சேரும்போது அங்கே இருப்பாள். நான் கூடைப்பந்தில் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

இந்த கேமில் என் ஆட்கள் சிலை. ஏதாவது ஒரு 'ப்ளே' (யார் எங்கே ஓடவேண்டும் என்ற திட்டம்) சொல்லித் தந்தால் தரையில் அம்புக்குறி வரும், அதன்படி ஓடுவார்கள். சொல்லாவிட்டால் மூலையில் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள், ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி. பெருக்கல் குறி பட்டனை அழுத்தினால் பந்து, ஸ்டிக் காட்டும் திசையில் கேமுக்கு யாரைப் பிடிக்கிறதோ அவருக்குப் போகும். வளையத்தடியில் தனியாக நிற்பவரைக் குறிவைத்தேன் என்றால், நடுவில் மூன்று பேர் சூழ நிற்பவருக்குப் போய்ச் சேரும். இதற்கு மருந்து உண்டு: ஆர்1 அழுத்தினால் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு பட்டன் அடையாளம் தெரியும், வேண்டியவருக்கு நேராகக் கொடுக்கலாம். புதிதாக ஆடுகிறவர்கள் முதல் நாளே இதைக் கற்றுக்கொள்ளுங்கள். நான் இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன், அதற்குள் இரண்டு முறை ரிமோட் சோபாவுக்குப் பின்னால் போய் விழுந்துவிட்டது.

சரியான ஆளுக்கே கொடுத்தாலும் பந்து மிதந்து போகிறது. தரையில் தட்டிக் கொடுக்கும் பவுன்ஸ் பாஸ் இன்னும் மோசம். கீழே பட்டு எழுந்து, ஒரு கட்டிங் சாய் குடித்துவிட்டுத்தான் போய்ச் சேரும். அதற்குள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த எதிரணிக்காரன் திரும்பாமலே கையை நீட்டிப் பிடித்துவிடுவான். முதுகில் கண்.

நான் இதைக் குறையாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2019 அக்டோபரில் சாக்ரமெண்டோ கிங்ஸ், இண்டியானா பேசர்ஸ் இரண்டு அணியும் மும்பைக்கு வந்து வொர்லி டோமில் இரண்டு நாள் ஆடினார்கள். இந்தியாவில் நடந்த முதல் என்பிஏ ஆட்டங்கள் அவை. கிங்ஸ் உரிமையாளர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர் என்பதால் ஊரே கிங்ஸ் பக்கம். முதல் நாள் ஓவர்டைம் வரை போய் 132-131 என்று பேசர்ஸ் ஜெயித்தது. இரண்டாம் நாளுக்கு ஆபீஸில் ஒருவர் மூலம் இரண்டு டிக்கெட் கிடைத்தது. அண்ணன் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன், அவனுக்கு அப்போது எட்டு வயது. அன்றைக்கும் பேசர்ஸ்தான், 130-106. ஸ்கோர் எனக்கு முக்கியமாகவே இல்லை. டங்க் போட்டபோது (எகிறிக் குதித்துப் பந்தை மேலிருந்தே வளையத்துக்குள் திணிப்பது) எல்லோரும் எழுந்து கத்தினார்கள். நான் வாய்பிளந்தது அவர்கள் சாதாரணமாகக் கொடுத்துக்கொண்ட பாஸைப் பார்த்து. சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், பந்து அடுத்தவர் கையில் இருக்கும். நடுவில் பந்து போனதே கண்ணுக்குத் தெரியாது. டிவியில் அந்த வேகம் தெரிவதில்லை. வியர்வைத் துளியைக்கூட விடாமல் வரைந்தவர்கள் அந்த வேகத்தை எங்கேயோ விட்டுவிட்டார்கள்.

இன்னொரு எரிச்சல், உடம்போடு உடம்பு மோதும் இடம். நிஜ வீரர்களின் உடம்பில் குறிகள் ஒட்டி, அவர்களை ஓடவிட்டு, குதிக்கவிட்டுப் படம் பிடித்து வைத்த அசைவுகள் இவை. அதனால்தான் இவ்வளவு இயல்பாக இருக்கிறது. ஆனால் என் ஆளின் தோள் எதிராளி மேல் லேசாகப் பட்டுவிட்டால் போதும், கேம் அந்த அசைவுகளில் ஒன்றை எடுத்து ஓட்ட ஆரம்பித்துவிடும். அது முடியும்வரை நான் ஸ்டிக்கை எந்தப் பக்கம் முறுக்கினாலும் பயனில்லை. வேகமாக உள்ளே நுழைந்து, தடுப்பவன் என் பக்கம் வந்ததும் மூலைக்குப் பந்தைத் தள்ளவேண்டும். பாயிண்ட் கார்டுக்குச் சோறு போடும் ஆட்டம் இது. கேமில் நுழைவேன், மோதுவேன், இரண்டு பேரும் கட்டிப்பிடித்து நடனம் ஆடுவார்கள், மூலையில் நிற்பவர் கையை நீட்டிக்கொண்டே இருப்பார். எது அழகோ அதுவே கையைக் கட்டிப்போடுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியாது, ஆனால் கோபம் வருவது நிற்கவில்லை.

அண்ணன் பையனுக்கு இந்தப் பிரச்சினை எதுவும் கிடையாது. அவனுக்கு எறியவேண்டும், அவ்வளவுதான். "க்யா அத்தை, பாஸே குடுத்துட்டு இருக்க! ஷூட் பண்ணு!" என்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் தலைமுறை ஆட்டம் அப்படி. இன்றைக்கு ஒரு என்பிஏ அணி ஒரு ஆட்டத்தில் முப்பதுக்கு மேல் த்ரீ பாயிண்டர் எறிகிறது.

அவனை மடக்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. இந்தப் பதிப்பில் 1983, 1991, 2002 என்று ஏதாவது ஒரு வருடத்திலிருந்து தொடங்கி ஒரு அணியை நடத்தலாம். 1983-ஐ எடுத்தேன். படம் பழைய தூர்தர்ஷன் மாதிரி மங்கலாகிவிட்டது, எல்லோருக்கும் குட்டை டிரவுசர். த்ரீ பாயிண்ட் கோடு என்பிஏவுக்கு வந்ததே 1979-80 சீசனில்தான். அந்தக் காலத்தில் ஒரு அணி ஆட்டத்துக்கு மூன்றுகூட எறியாது. கோடு இருக்கிறது, ஆனால் யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. அண்ணன் பையன், "இவங்க ஏன் கிட்டப் போய்ப் போய்ப் போடறாங்க?" என்று கேட்டான். நான் லேக்கர்ஸ் அணியை எடுத்து மேஜிக் ஜான்சனிடம் பந்தைக் கொடுத்தேன். ஆறடி ஒன்பது அங்குலத்தில் ஒரு பாயிண்ட் கார்ட். 1983-84-ல் அந்த மனிதர் ஆட்டத்துக்குச் சராசரியாக 13.1 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்த பாஸ்) கொடுத்திருக்கிறார். நம்மைவிட ஒன்றரை அடி உயரம், ஆனால் நம் ஜாதி.

அங்கே பாஸ் வேலை செய்தது! அவர் உயரத்துக்குத் தலைக்கு மேலே பார்த்துக் கொடுக்க முடிகிறது, தடுக்கும் கைகள் எட்டுவதில்லை. முக்கோண பட்டனை அழுத்திப் பிடித்தால் பந்தை வாங்கவேண்டிய நம் ஆள் வளையத்தை நோக்கி ஓடுவார், விட்டதும் பந்து அவர் முன்னால் போய் விழும். அதே அணியின் கரீம் அப்துல்-ஜப்பாருக்குக் கொடுத்தால் கையை வானத்துக்கு நீட்டி அந்த ஸ்கை ஹுக். முதல் முறை விழுந்தபோது நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு மராத்திப் பாட்டி மேலே வந்து கதவைத் தட்டினார். அன்று 11 அசிஸ்ட். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன், மறுநாள் ஆபீஸில் தூங்கி வழிந்தேன். இந்த 900 ரூபாய் டிஸ்கில் இந்த ஒரு பகுதிக்கே காசு சரியாகிவிட்டது.

பெண்கள் லீகும் இருக்கிறது. அண்ணன் பையன் முதலில் முகத்தைச் சுளித்தான். நான் சியாட்டிலை எடுத்தேன், காரணம் சூ பேர்ட். டபிள்யூஎன்பிஏவில் (அந்தப் பெண்கள் லீக்) வேறு யாரையும்விட அதிக அசிஸ்ட் அவருடையது, 3,234. அவனைப் பத்துப் புள்ளியில் தோற்கடித்த பிறகு சுளிப்பு போய்விட்டது. பெண்கள் ஆட்டத்தில் மோதல் குறைவு, அசைவுகளில் மாட்டிக்கொள்வதும் குறைவு, அதனால் என் கைக்கு இது இன்னும் ஒத்துவருகிறது. ஆனால் அந்தப் பகுதி முழுக்கவே கடைக்குட்டிக்கு விட்ட மிச்சச் சோறு. ஆண்களுக்கு இருக்கும் வருடக்கணக்கான சரித்திரம், பழைய அணிகள் எதுவும் இங்கே இல்லை.

இனி எனக்கு நிஜமாகவே வயிறெரிந்த கதை. இந்த கேமில் நமக்கென்று ஒரு வீரரை உருவாக்கி அவருடைய வாழ்க்கையை ஆடலாம். அண்ணன் பையன் மும்பையிலிருந்து போகும் ஒரு பையனை உருவாக்கினான், முடி அலங்காரத்துக்கே ஒரு மணி நேரம். 2015-ல் பஞ்சாபைச் சேர்ந்த சத்நாம் சிங்கை டாலஸ் அணி டிராஃப்டில் (என்பிஏ அணிகள் வரிசையாகப் புது வீரர்களை எடுப்பது) 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது அவனுக்கு மனப்பாடம். தன் ஆள் அதற்கு முன்னால் போவான் என்றான். கமெண்டரி சொல்கிறவர்களுக்கு நம்மூர்ப் பெயர் வாயில் நுழையாது போல, எண்ணைச் சொல்லியே அழைத்தார்கள். அது போகட்டும்.

அந்த ஆள் 60 என்ற மதிப்பில் தொடங்குவான். 60 என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு நடந்தால் பந்து காலில் பட்டு ஓடும். 99 வரை ஏற்றலாம், ஏற்றுவதற்கு கேமுக்குள் செல்லும் காசு வேண்டும். ஆடிச் சம்பாதிக்கலாம், ஒரு மேட்சுக்குக் கிடைப்பது சில்லறை. இல்லாவிட்டால் நிஜ ரூபாய் கொடுத்து வாங்கலாம். அதே காசில்தான் ஷூ, சட்டை, முடிவெட்டு எல்லாம். கேமுக்குள் ஒரு ஊரையே கட்டி வைத்திருக்கிறார்கள், அதில் கோர்ட்டைவிடக் கடைகள்தான் அதிகம். ஆன்லைனில் 62 மதிப்புள்ள பையனோடு போய் நின்றால் யாரும் டீமில் சேர்க்கமாட்டார்கள். சேர்த்தாலும் பாஸ் கொடுக்கமாட்டார்கள் (அந்த வலி எனக்குத் தெரியும்). ஊரிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்த ஆச்சி, புத்தகம் வாங்கிக்கொள் என்று 2,000 ரூபாய் கொடுத்தாள். அது முழுக்க அந்தப் பையனின் குதிக்கும் திறமையிலும் ஒரு ஜோடி ஷூவிலும் போய்விட்டது. அண்ணியிடம் யார் சொல்வது என்று ஒரு வாரம் நானும் அவனும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

டிசம்பர் முடிந்தது. கேமின் ஆன்லைன் சர்வரை மூடிவிட்டார்கள். வெளிவந்து இரண்டரை வருடம்கூட ஆகாத கேம். அந்தப் பையனின் கதை திறக்கவே இல்லை. இணைப்பு இல்லை என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். ஷூவும் போச்சு, குதிப்பும் போச்சு. மூடுவார்கள் என்பது கம்பெனி சொல்லியிருந்த விஷயம்தான், நாங்கள் படிக்கவில்லை. ஆனால் லாமிங்டன் ரோட்டுக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். அந்த 300 ரூபாய் தள்ளுபடி என் பேரம் பேசும் சாமர்த்தியம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகவே பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள், எந்த வருடப் பதிப்பு, ஆன்லைன் எதுவரை என்று பார்த்து வாங்குங்கள். தனியாகவோ வீட்டில் இரண்டு பேராகவோ ஆட என்றால் கவலையில்லை. ஒரு அணியை நடத்துவது, பழைய வருடங்கள், சும்மா ஒரு மேட்ச் எல்லாம் இன்றும் ஓடுகிறது. சொந்தமாக ஒரு வீரரை வளர்க்கத்தான் ஆசை என்றால் பழசை வாங்கவே வாங்காதீர்கள். நூறு ஜிபிக்கு மேல் இடம் கேட்கும், அதையும் முன்பே காலி செய்து வையுங்கள். குவார்ட்டருக்கு (ஆட்டத்தின் கால் பகுதி) 12 நிமிடம் என்று நிஜக் கணக்கில் வைத்தால் ஒரு மேட்ச் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். நான் 8 நிமிடம் வைக்கிறேன், குக்கரில் பருப்பு வைத்துவிட்டு உட்கார்ந்தால் முதல் குவார்ட்டருக்குள் விசில் வந்துவிடும்.

போன மாதம் மெனுவின் அடிவயிற்றில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பந்தைப் பறிப்பது எவ்வளவு சுலபம், பாஸ் எவ்வளவு துல்லியம், தடுக்க வருகிறவர்கள் எவ்வளவு ஓடிவந்து உதவுவார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது, ஏற்றலாம் இறக்கலாம். ஆன்லைனில் செல்லாது, வீட்டில் செல்லும். பறிக்கும் அளவை 50-லிருந்து 30-க்கு இறக்கினேன், பாஸின் துல்லியத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். முதுகில் இருந்த கண்கள் மூடிக்கொண்டன. அடுத்த மேட்சில் 14 அசிஸ்ட்.

அண்ணன் பையன் மெனுவைத் திறந்து பார்த்துவிட்டான். "அத்தை, இது சீட்டிங்."

"இல்லடா, கோச்சிங்," என்றேன். அவன் ரிமோட்டைப் பிடுங்கித் திரும்ப 50-ல் வைத்தான். அவன் தூங்கிய பிறகு நான் 30-க்கு மாற்றிவிட்டேன்.